பழைய மோட்டாரும் கார்புரேட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து லிந்தாங், ஜாலோங், லாசா என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைக்கு நடுவே பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஒன்றாவது எதிரே வரும். ஹோண்டா சி70, இஎக்ஸ்5, யமஹா ஆர்எக்ஸ்இசட், மொடேனாஸ் கிரிஸ் எல்லாம் இன்னும் நம் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கொட்டகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையோடுதான் வருகிறார்கள்: "அண்ணே, கார்புரேட்டரைக் கழுவணும்." கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பாகம். அதைக் கழுவுவது பெரிய வேலை இல்லை. ஆனால் கோளாறு எங்கே என்று பார்க்காமல் கழற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, கழற்றியதால் புதிதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். அதனால் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊர் வழக்கப்படி பெட்ரோலை எண்ணெய் என்றும், எஞ்சினுக்குள் ஊற்றுவதை ஆயில் என்றும் எழுதுகிறேன், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு மிதித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு எண்ணெயிலா, கரண்டிலா?

பிளக்கைக் கேளுங்கள், அது சொல்லும். கிக்கரை ஏழெட்டுத் தடவை மிதித்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து எண்ணெய் வாசம் அடித்தால் எண்ணெய் வருகிறது. அப்போது பிளக், பிளக் தொப்பி, காயில் (பிளக்குக்குப் பொறிக் கரண்டு கொடுக்கிற சுருள்) பக்கம் பார்க்க வேண்டும், அல்லது எண்ணெய் அளவுக்கு மீறி வந்து மூழ்கடித்திருக்கிறது. நுனி காய்ந்து கிடந்தால் எண்ணெய் சிலிண்டர் வரைக்கும் வரவில்லை.

காய்ந்திருந்தால் அடுத்து கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குப் போங்கள். அதன் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், கிண்ணத்து எண்ணெயை வடிப்பதற்கு. ஜாம் போத்தல் ஒன்றை அடியில் பிடித்துக்கொண்டு அந்தத் திருகை ஒன்றரைச் சுற்றுத் திறங்கள். முதலில் விறுவிறு என்று கொட்ட வேண்டும், பிறகு டேங்க்கிலிருந்து விடாமல் ஓடி வர வேண்டும். முதலில் கொட்டி அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் அடைப்பு மேலே: டேங்க் மூடி, எண்ணெய்த் திருகின் (டேங்க் எண்ணெயைத் திறந்து மூடுகிற திருகு) வலை, குழாய், இல்லையென்றால் கிண்ணத்துக்குள் நுழையும் வாய். போத்தலை ஒரு நிமிஷம் ஆட்டாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் பாதரசம் மாதிரி உருண்டை உருண்டையாக, சாய்த்தால் ஓடுகிற மணி தெரிந்தால் அது தண்ணீர். அடியில் செம்பொடி படிந்தால் டேங்க் துரு. இந்த ஒரு போத்தல் இத்தனை வருஷத்தில் எனக்குக் காட்டிக்கொடுத்த கோளாறுகளுக்குக் கணக்கே இல்லை.

இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. எண்ணெய் வடித்த இடத்திலேயே நின்றுகொண்டு பிளக்கில் பொறி பார்க்கவே கூடாது.

கேள்வி: பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் இரண்டு தடவை கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது.

டேங்க் மூடியைப் பார்த்தீர்களா? எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும், அதற்காக மூடியில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. செம்மண் தூசியும் மழையும் சேர்ந்தால் அது கெட்டியாக அடைந்துகொள்ளும். காற்று போகாவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் கீழே இறங்காது. அடுத்த தடவை வண்டி நின்றவுடன் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று இழுக்கிற சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் கோளாறு அதுதான். மூடியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றடித்துக் காயவைத்தால் போதும்.

மழைக்குப் பயந்து மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் பை வைத்து இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் தம்பியின் ஆர்எக்ஸ்இசட் அப்படித்தான் மூன்று வாரம் படுத்தியது. ஒரு கடைக்காரர் கார்புரேட்டரே போச்சு என்று புதிதாக மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார், அப்புறமும் அதே இடத்தில் நின்றது. பையை எடுத்த அன்றைக்கு ஈப்போ வரைக்கும் நிற்காமல் போய் வந்தான்.

மூடி சரியாக இருந்தும் நின்றால், நின்ற இடத்திலேயே கிண்ணத் திருகைத் திறந்து பாருங்கள். கிண்ணம் நிறைய எண்ணெய் இருந்தால் பழி கார்புரேட்டர் மேல் இல்லை. சூடேறினதும் செத்துப்போகிற காயில், சிடிஐ (பொறியை நேரம் பார்த்து விடுகிற மின்பெட்டி) இவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: வண்டியை நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது.

கிண்ணத்துக்குள் ஒரு மிதவை இருக்கிறது, கழிவறைத் தொட்டியில் இருப்பது மாதிரியேதான். எண்ணெய் நிறைந்ததும் மிதவை மேலே எழும்பி ஒரு குட்டி ஊசியைத் தள்ளி வாயை அடைக்கும். ஊசிக்கும் வாய்க்கும் நடுவே ஒரு மணல் துகள் மாட்டினாலும் அடைப்பு முழுமையாகாது, மிஞ்சிய எண்ணெய் வழிகுழாயில் ஒழுகும். முதலில் திருப்புளியின் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாக நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள், சில சமயம் துகள் விலகி நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் கழற்றி ஊசியின் கூம்பு முனையைப் பாருங்கள். விரல் நகத்தால் தடவும்போது வளையம் மாதிரி தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். மிதவையைக் காதருகே ஆட்டி உள்ளே எண்ணெய் குலுங்குகிறதா என்றும் கேளுங்கள். பித்தளை மிதவையாக இருந்தால் வெந்நீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும்.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்று. ஒழுகின எண்ணெய் வெளியே வராமல் எஞ்சின் பக்கமாக இறங்கி, நாலு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலோடு கலந்துவிடலாம். ஆயில் அளவுக்குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாசம் வந்தாலோ, ஆயில் அளவு தானாக ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும் பிஸ்டனையும் காப்பாற்றாது. ஒழுகல் சரியாகும் வரை, எண்ணெய்த் திருகு உள்ள வண்டியில் நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அதை மூடிவிடுங்கள்.

கேள்வி: காலையில் சோக் இழுத்தால் ஓடுகிறது, சோக்கைத் தள்ளினால் செத்துவிடுகிறது.

பைலட் ஜெட் அடைப்பு, அநேகமாக. ஜெட் என்பது எண்ணெயை அளந்து விடுகிற துளையுள்ள பித்தளைத் துண்டு. முறுக்காமல் நிற்கும்போது எஞ்சினுக்கு எண்ணெய் கொடுப்பது அந்தச் சின்ன ஜெட்தான். கப்சாயில் அதன் துளை அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. வண்டி ஒரு மாதம் சும்மா நின்றாலே எண்ணெய் ஆவியாகி அந்தத் துளையில் பழுப்புப் பிசின் தங்கிவிடும். சோக் போட்டால் காற்று குறைந்து எண்ணெயின் பங்கு கூடுவதால் எப்படியோ தள்ளாடி ஓடும், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் கழுவத்தான் வேண்டும். எப்படிக் கழுவுவது?

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கழுவி வந்த பிறகு கெட்டுப்போன கார்புரேட்டர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் திருப்புளி. ஜப்பான் மோட்டாரின் கூட்டல் குறித் திருகும் கடையில் வாங்குகிற சாதாரண பிலிப்ஸ் திருப்புளியும் பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், ஆனால் பொருந்தாது. ஜேஐஎஸ் என்ற ஜப்பான் அளவுத் திருப்புளி வேண்டும், இல்லையென்றால் தலை மழுங்கிவிடும். இறுகிக் கிடக்கும் திருகில் திருப்புளியை வைத்து அதன் பின்தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

அடுத்து, பக்கவாட்டில் உள்ள கலவைத் திருகு. கழற்றும் முன்னால் அதை மெதுவாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். உட்கார்ந்த பிறகு இறுக்கக் கூடாது, முனை நசுங்கிவிடும். திரும்பப் போடும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே எடுத்தால் போதும். எழுதாமல் கழற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பித்து, எஞ்சின் சூடான பிறகு சத்தம் சீராக வருகிற இடத்தைத் தேடுங்கள்.

ரப்பர் வளையம், மிதவை, சவ்வு உள்ள கார்புரேட்டராக இருந்தால் அந்தச் சவ்வு, எல்லாவற்றையும் எடுத்துத் தனியே வைத்த பிறகுதான் கிளீனரை அடிக்க வேண்டும். தின்னரில் மொத்தமாக ஊறவைக்கிற பழக்கம் வேண்டாம், ரப்பர் ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. ஒவ்வொரு துளையிலும் குழலை வைத்து அடித்து, எதிர்ப்பக்கம் பீய்ச்சி வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கிளீனர் நேராகக் கண்ணுக்குத்தான் திரும்பி வரும். அப்புறம் ஜெட்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் வட்டமாக, விளிம்பு கூர்மையாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். பிறை மாதிரியோ மங்கலாகவோ தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. ஸ்டீல் கம்பி, ஊசி, துரப்பணம் எதையும் அதற்குள் விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானாலும் கணக்கு மாறிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் மின்கம்பிக்குள் இருக்கிற மெல்லிய செம்பு இழை ஒன்றை எடுத்து மெதுவாக விட்டு எடுங்கள், செம்பு பித்தளையைவிட மெத்தென்றது.

கேள்வி: ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் சத்தம் குறையாமல் உறுமுகிறது.

முதலில் கேபிள். ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அது இல்லையென்றால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள இணைப்பு, அதன் ரப்பர் வளையம். வளையம் காய்ந்து தட்டையாகியிருக்கும், அல்லது யாரோ அளவுக்கு மீறி இறுக்கி இணைப்பின் முகம் வளைந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கிறவர்களும் உண்டு, சூடான புகைபோக்கிக்குப் பக்கத்தில் எனக்கு அதற்குத் தைரியம் வராது.

கேள்வி: மெதுவாகப் போனால் நன்றாக இருக்கிறது, முறுக்கினால் திணறுகிறது. எந்த ஜெட்டை மாற்றுவது?

எவ்வளவு முறுக்கும்போது திணறுகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் (முறுக்கினால் உள்ளே ஓர் அடைப்பான் மேலே ஏறி வழி விடும், அதுதான் ஸ்லைடு) கால் முறுக்கு வரை பைலட் ஜெட்டும் ஸ்லைடின் அடிவெட்டும் ஆளும், கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீள ஊசி (மிதவை ஊசி அல்ல), அதற்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் தலையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், எண்ணெய் கூடும். மேலே ஏற்றினால் குறையும். நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கலவைத் திருகிலும் இதே குழப்பம். திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு, வெளியே எடுக்க எடுக்கக் காற்று கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு, வெளியே எடுக்க எடுக்க எண்ணெய் கூடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, அப்புறம் அடுத்தது.

ஜெட் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தை ஒட்டியது, மிகுனி அறுகோண மெயின் ஜெட்டின் எண் எவ்வளவு எண்ணெய் ஓடுகிறது என்பதை ஒட்டியது. அதனால் 'அந்த வண்டியில் நூறு போட்டிருக்கான், நானும் நூறு போடுகிறேன்' என்பது வேலைக்கு ஆகாது.

கேள்வி: பிளக் நிறம் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. கரி படிந்த கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைந்திருக்கிறது. பால் டீ நிறம் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் எண்ணெய் போதவில்லை, சூடு ஏறுகிறது. டவுனில் நின்று நின்று வந்த பிறகு பார்த்தால் எல்லா பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் போய், கிளட்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஆர்எக்ஸ்இசட். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு வேறு கவனம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நாலு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் குறைந்தால் இழுவை போகும், உங்கள் வண்டியில் பிஸ்டனே பிடித்துக்கொண்டு ஓட்டத்திலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சத்தம் தானாக ஏறி, சாவியை அணைத்தாலும் அடங்க மறுத்தால் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு) காற்று விடுகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள், பெரிய ஜெட் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு எண்ணெயிலேயே 2டி (இரண்டு ஸ்ட்ரோக் ஆயில்) கலந்து ஊற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். பயந்துபோய் ஆயிலை அதிகமாக ஊற்றினால் அதே ஜெட்டுக்குள் ஆயில் இடத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் குறைந்துவிடும். புகை அதிகம் வருவதைப் பார்த்து எண்ணெய் நிறையப் போகிறது என்று நினைப்பீர்கள், உள்ளே கலவை மெலிந்துகொண்டிருக்கும். அளவுக் குவளை வைத்து ஊற்றுங்கள்.

கேள்வி: தீபாவளி மாதத்து மழையில் மட்டும் டப் டப் என்று வெடித்து நிற்கிறது.

இருட்டின பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிளக் தொப்பியிலும் வயரிலும் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். நீலமாகப் பொறி ஓடினால் தொப்பியை மாற்றுங்கள், கார்புரேட்டரைத் தொட வேண்டாம். அடுத்தது நனைந்த ஏர் ஃபில்டர். டேங்க்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்பதை ஜாம் போத்தல் சொல்லிவிடும்.

கேள்வி: சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினேன், மேலே வண்டி மூச்சு முட்டினது. கார்புரேட்டர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பிரிஞ்சாங் சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாக எண்ணெய் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏர் ஃபில்டரும் அழுக்காக இருந்தால் இன்னும் மோசம். கிளம்பும் முன் ஃபில்டரைச் சுத்தம் செய்துகொண்டு, ஏற்றத்தில் கீழ் கியரில் பொறுமையாகப் போங்கள். மேலே போய் ஜெட்டைச் சின்னதாக மாற்றினவர் கீழே இறங்கும் முன் பழையதைப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் தாப்பா பக்கம் இறங்கி வருவதற்குள் எஞ்சின் கொதிக்கும்.

கேள்வி: ரோன் 97 ஊற்றினால் சரியாகுமா?

ஆகாது. அந்த எண் எண்ணெய் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற திறனைச் சொல்வது, சுத்தத்தையோ சக்தியையோ அல்ல. 2009-க்கு முன்னால் நம் எண்ணெய் நிலையங்களில் விற்ற ரோன் 92-லேயே ஓடிய வண்டிகள் இவை. ரோன் 95 தாராளம்.

கேள்வி: கழுவின இரண்டே வாரத்தில் திரும்ப அடைக்கிறது.

டேங்க்கில் துரு. கைவிளக்கை அடித்து உள்ளே பாருங்கள். டேங்க்கைக் கழற்றி, எண்ணெயை முழுக்க வடித்துக் காயவிட்டு, வினிகரை நிரப்பி ஓர் இரவு வையுங்கள். வடித்துவிட்டு சோடா மாவு கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீர், அப்புறம் வெயிலில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் தாமதிக்காமல் நிறைய எண்ணெய் ஊற்றுங்கள், வெறும் இரும்பு நம் ஊர் ஈரத்தில் ஒரே நாளில் செம்மை பூசிக்கொள்ளும்.

கேள்வி: புதிய கார்புரேட்டர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பழைய உடம்பு உடையாமல், ஸ்லைடு தொளதொள என்று ஆடாமல் இருந்தால் வேண்டாம். ஊசி, ஜெட், ரப்பர் மட்டும் அசலாக வாங்கிப் போடுங்கள். மலிவுப் பிரதிகளில் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணும் உள்ளே இருக்கிற துளையும் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: அப்பா தவறிய பிறகு அவருடைய சி70 மூன்று வருஷமாகத் தோட்டத்து வீட்டில் நிற்கிறது. ஓடவைக்க முடியுமா?

முடியும். என் அப்பாவும் சி70-இல்தான் பால் மரத்துக்குப் போய்வந்தார், அந்த வண்டியை நான் இன்னும் ஓட்டுகிறேன். அவசரப்பட்டு மிதிக்காதீர்கள். முதலில் சீட்டைத் தூக்கி டேங்க்கில் உள்ள பழைய எண்ணெயை முழுக்க வடியுங்கள், வார்னிஷ் வாசம் அடிக்கும். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஓர் இரவு கழித்துக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி எஞ்சின் சுழல்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். சி70-இல் எண்ணெய்த் திருகு கார்புரேட்டரோடு ஒட்டியே இருக்கும், அதன் அடியில் ஒரு குட்டிக் கிண்ணமும் வலையும் உண்டு, பலர் இதை மறந்துவிடுவார்கள், அதைக் கட்டாயம் திறந்து கழுவுங்கள். பிறகு மேலே சொன்னபடி கார்புரேட்டர், புதுக் குழாய், புது பிளக். அப்பா போட்டிருந்த ஜெட்டை வேறு எண்ணுக்கு மாற்ற வேண்டாம், அது அந்த எஞ்சினோடு ஒத்துப்போய் இத்தனை வருஷம் ஓடியது. ஸ்டார்ட் ஆனதும் முதல் நாள் வீட்டைச் சுற்றி மட்டும் ஓட்டுங்கள், திரும்பி வந்து கிண்ணத்து எண்ணெயைப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். செம்பொடி தெரிந்தால் டேங்க்கை இன்னொரு தடவை கழுவ வேண்டும்.